பார்ட்டிஷனில் கை வைக்கும் முன்

என் லினக்ஸ் லேப்டாப்பில், இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதியான ரூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. அதை ஒட்டி, என் கோப்புகள் இருக்கும் ஹோம் பார்ட்டிஷனைச் சுருக்கி இதைப் பெரிதாக்க வேண்டும். பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டட் மென்பொருளில் சில கிளிக்குகளில் முடியும். ஆனால் ஹோமின் தொடக்கத்தை நகர்த்துவதென்றால் உள்ளே உள்ள தரவு முழுவதும் இடம் மாறும். பாதியில் நின்றால் எல்லாம் போச்சு. அதனால் முதலில் பேக்கப்.

டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதுவே போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். அது காப்பது இயங்குதளத்தை. ஹோம் கோப்புறைகளை நாமாகச் சேர்க்கச் சொன்னால் ஒழியத் தொடாது. போதாததற்கு, அது எடுத்து வைத்த நகல்களான ஸ்னாப்ஷாட்டுகள் எல்லாம் அதே ரூட் பார்ட்டிஷனில்! இடம் நிரம்பியதற்கு அவையும் ஒரு காரணம். பழையவற்றை அழித்தேன்.

என் கோப்புகளுக்கு டேஜா டூப் என்ற பேக்கப் மென்பொருளை எடுத்துக்கொண்டேன். எக்ஸ்டர்னல் டிஸ்கைக் காட்டி, கடவுச்சொல் கொடுத்து ஓடவிட்டேன். அந்தக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைத்தேன், தொலைந்தால் பேக்கப்பைத் திறக்க வழியே கிடையாது. "முடிந்தது" என்று வந்ததும் மூடிவிடாமல், எல்லாவற்றையும் வேறொரு கோப்புறையில் மீட்டுப் பார்த்தேன். ஆவணங்கள் இருந்தன, படங்கள் இருந்தன. டவுன்லோட்ஸ் மட்டும் இல்லை. புறக்கணிக்கும் பட்டியலில் குப்பைத்தொட்டியோடு அதுவும் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது. நான் ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாம் கிடப்பது அங்கேதான். பட்டியலிலிருந்து நீக்கி மறுபடி ஓட்டினேன், மறுபடி மீட்டுப் பார்த்தேன். இந்த முறை ஒவ்வொரு சான்றிதழையும் திறந்து பார்த்த பிறகே நிம்மதி.

அப்புறம் மொத்த டிஸ்கையும் ஒரே நகலாக, அதாவது இமேஜாக, எடுக்க ரெஸ்க்யூஸில்லா. பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் பெரிய பட்டன்களோடு திரை வரும். பேக்கப்பை அழுத்தி, எந்த டிஸ்க், எந்தெந்த பார்ட்டிஷன், எங்கே சேமிக்க என்று சொன்னால் போதும். டிஸ்க் பெயர்கள் ஒன்றுபோலவே தெரியும். அளவை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டங்களில் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறைகள்) பயன்படுத்திய பகுதியை மட்டும் நகலெடுத்துச் சுருக்குவதால், இமேஜ் டிஸ்கின் அளவுக்குப் பெருப்பதில்லை. ஆனால் அதை மீட்கும் டிஸ்க், மூல டிஸ்கைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. இமேஜைச் சரிபார்க்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. நேரம் பிடித்தாலும் அதையும் செய்தேன்.

ஜிபார்ட்டடும் அதே பென்டிரைவில் இருந்தது. சார்ஜரைச் செருகிவிட்டு அப்ளை கொடுத்தேன். சிக்கல் இல்லாமல் முடிந்து, லேப்டாப் வழக்கம்போலப் பூட் ஆனது. இமேஜை இன்னும் அழிக்கவில்லை.