40-ஆ, 50-ஆ? அம்பாசடர் ஹெட்டை முடுக்கிய கதை

அப்பாவின் 1974 அம்பாசடர் மார்க் 2 இன்ஜினைப் பிரித்து நான்கு மாதம் ஆகிறது. சிலிண்டர் போரிங் முடிந்து பிளாக் வந்துவிட்டது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கும் கிரைண்டிங் முடிந்து வந்தது. இனி கோக்க வேண்டியதுதான் என்று உட்கார்ந்தபோதுதான் கேள்வி வந்தது: ஒவ்வொரு நட்டையும் எவ்வளவு முடுக்குவது?

எனக்கு வேலை கற்றுக்கொடுக்கும் மெக்கானிக் அண்ணா டார்க் ரென்ச்சே (குறித்த அளவு முறுக்கு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர்) பிடித்ததில்லை. "கைக்குத் தெரியுமுங்க தம்பி" என்பார். நாற்பது வருடப் பழக்கம், அவர் கைக்கு நிச்சயம் தெரியும். என் கைக்குத் தெரியாதே.

பட்டறைச் சுவரில் அம்பாசடர் அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. ஆசையாகக் குறித்துக்கொண்டு வந்து பார்த்தால், அது பின்னாளில் வந்த 1.8 இசுசு இன்ஜினுக்கானது. வண்டியின் உருவம் ஒன்றுதான், இன்ஜின் வேறு. என்னுடையது 1489 சிசி, பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ். ஆகவே தேட வேண்டியது அம்பாசடர் என்ற பெயரை அல்ல, அந்த இன்ஜினை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், எம்ஜி ஏ என்று ஒரு பெரிய குடும்பமே அதில் ஓடியிருக்கிறது.

கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் கேப்புக்கு 70 பவுண்டு-அடி (முறுக்கு விசையின் அலகு), பிஸ்டன் கம்பியைக் கிராங்கோடு சேர்க்கும் பிக் எண்டுக்கு 35, பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுக்கு 25. இவற்றில் குழப்பமில்லை. பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டைப் பிடிக்கும் நட்டில்தான் சிக்கினேன். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் வகைக் கார்களுக்கு 40 என்கிறார்கள், எம்ஜி ஏவுக்கு 50. எம்ஜி ஏ ஸ்போர்ட்ஸ் கார், கம்ப்ரெஷன் அதிகம். என் வண்டி சாதாரணக் குடும்பக் கார், நட்டுகள் ஏறும் மரைத்தண்டுகளான ஸ்டட்களுக்கும் ஐம்பது வயது. 40 என்றே முடிவு செய்தேன். அதிகமாக இறுக்கினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஸ்டட் ஒருமுறை நீண்டுவிட்டால் அதன் பிடி போய்விடும், பிளாக்கின் மரையும் சேர்ந்து உரியலாம்.

அடுத்தது அலகு. என் ரென்ச்சில் நியூட்டன்-மீட்டர் மட்டும்தான். 40 பவுண்டு-அடி என்றால் 54 நியூட்டன்-மீட்டர், பழைய கணக்கில் 5.5 கிலோகிராம்-மீட்டர். 40 என்ற எண்ணை அப்படியே ரென்ச்சில் வைத்திருந்தால் கால்வாசிக்கு மேல் தளர்வாக நின்றிருக்கும்.

அப்புறம் ரென்ச்சையே சந்தேகப்பட்டேன். அதன் தலையை வைஸில் பிடித்து, கைப்பிடி படுக்கைவாக்கில் சுற்றும்படி வைத்தேன். மையத்திலிருந்து 45 செ.மீ. தள்ளி, பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசை மாட்டி நேர்குறுக்காக இழுத்தேன். 54-க்குக் கணக்குப்படி 12.2 கிலோவில் 'டிக்' என்று விட வேண்டும். மூன்று முறையும் 13.4 வரை போனது. பத்து சதவீதம் அதிகம்! அதனால் 49-ல் வைத்து மறுபடி இழுத்துப் பார்த்தேன், 12.2-ஐ ஒட்டி வந்தது. இந்த அரைமணி நேரச் சோதனையை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும்.

பிளாக்கில் ஸ்டட் துளைகளை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்து, உள்ளே எண்ணெயோ தண்ணீரோ தேங்காமல் காற்றடித்தேன். தேங்கிய எண்ணெய்க்கு வெளியேற வழி இருக்காது, ஸ்டட் இறங்கும்போது பிளாக்கையே பிளந்துவிடும். ஸ்டட்களைக் கையால் மட்டும் முடுக்கினேன். நட்டின் மரையில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில். மரை காய்ந்திருந்தால் பெரும்பாலான முறுக்கு உரசலிலேயே போய்விடும். ரென்ச் 'டிக்' என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது.

மொத்தம் 11 ஹெட் நட். அவற்றில் நான்கு, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களின் ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. பக்கத்திலேயே ராக்கருக்கு மட்டுமான நான்கு சின்ன நட்டுகள் இருக்கின்றன, அவற்றுக்கு 25தான். பார்க்க எட்டும் ஒரே வரிசைபோல இருக்கும். சின்ன நட்டுகளில் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்துக்கொண்டேன். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 20, 30, 40 பவுண்டு-அடி என்று மூன்று சுற்று முடுக்கினேன்.

நேற்று இன்ஜின் முதல்முறையாக ஓடியது. இருபது நிமிடம். அப்பா நாற்காலி போட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தார். இன்று காலை முழுக்க ஆறிய பிறகு ஒவ்வொரு நட்டாக லேசாகத் தளர்த்தி மறுபடி 40-க்கு முடுக்கினேன். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள புது கேஸ்கெட் அமுங்கியிருந்தது போல, நடுவில் இருந்த இரண்டு நட்டுகள் முன்பிருந்த இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் திரும்பின. இதனால் டேப்பட் கேப் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) மாறியிருக்கும், நாளை அதைத்தான் பார்க்கப்போகிறேன்.