கடைக்கும் குடோனுக்கும் நடுவே

"தம்பி, என் கணக்கு வேற யார் கம்ப்யூட்டர்லயும் இருக்கக் கூடாது." கோவையில் பைப், பெயின்ட் கடை வைத்திருக்கும் முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். கடையில் பில் போட்டதும் காரமடை குடோனில் இருப்பு குறைய வேண்டும், அவ்வளவுதான் வேலை. பொதுவாக ஒரு சர்வர் வைத்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் சொல்லுக்காக, இரண்டு கம்ப்யூட்டரும் நேராகப் பேசட்டும் என்று முடிவெடுத்தேன்.

ஆபீஸில் அருமையாக ஓடியது. இரண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தது எனக்கு உறைக்கவில்லை. குடோனில் இருந்ததோ சிம் போட்ட ரௌட்டர். இணைப்பே கிடைக்கவில்லை. பைப் கட்டின் மேல் உட்கார்ந்து ரௌட்டர் பக்கத்தைத் திறந்தேன். வெளி ஐபி 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை, இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்த 2012இல் ஒதுக்கிய முகவரிகள். அப்படியென்றால் இந்த ரௌட்டருக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாட், அதாவது பல இணைப்புகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் அமைப்பு, இருக்கிறது. இங்கே ரௌட்டரில் போர்ட் (ஒரு நிரலுக்கான வாசல் எண்) திறந்து பயனில்லை.

அப்புறம் ஸ்டன் சர்வரை முயன்றேன். நம் முகவரியும் போர்ட்டும் வெளியே எப்படித் தெரிகின்றன என்று அது சொல்லும். அதை வைத்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் யுடிபி முறையில் சின்னத் தரவுத் துண்டுகளை அனுப்பி வழி திறக்கலாம். ஆனால் அந்த சிம்மின் நாட், ஸ்டன்னுக்கு ஒரு போர்ட், கடைக்கு வேறொரு போர்ட் என்று கொடுத்தது. தெரியாத போர்ட்டிலிருந்து வருவதைக் கடை ரௌட்டர் உள்ளே விடவில்லை.

கடைசியில், இரண்டு கம்ப்யூட்டர்கள் பூட்டிய தரவை நேராகப் பரிமாறிக்கொள்ள உதவும் வெப்ஆர்டிசி டேட்டா சேனல். நேர்வழி கிடைக்காவிட்டால், நடுவில் நின்று தரவைக் கடத்திவிடும் டர்ன் சர்வர் வழியாகப் போகும். பில் விவரம் சில கிலோபைட்தான் என்பதால் செலவு பெரிதில்லை. வீடியோவாக இருந்தால் துணிந்திருக்க மாட்டேன்.

நடுவில் சர்வர் வந்துவிட்டதை முதலாளியிடம் மறைக்க மனம் வரவில்லை. "பூட்டின பெட்டியை லாரில ஏத்தற மாதிரிங்க. சாவி கடையிலயும் குடோன்லயும்தான் இருக்கு" என்றேன்.

"சாவி சரியான ஆள்கிட்டதான் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

சரியான கேள்வி. இரு கம்ப்யூட்டரும் தாங்கள் யார் என்று காட்டும் சான்றிதழ்களின் கைரேகையும் (சான்றிதழை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீடு), முதலில் இரண்டையும் அறிமுகப்படுத்தும் எங்கள் சிக்னலிங் சர்வர் வழியாகத்தான் பரிமாறப்பட்டது. அதை யாராவது மாற்றினால் பூட்டுக்கே அர்த்தமில்லை. சான்றிதழ்களை நிலையாக வைத்து, கைரேகைகளை இரு பக்கமும் கையால் பதியும்படி நிரலை மாற்றினேன்.

கைரேகை ஒன்றுக்கு 64 எழுத்து. குடோன் பையன் போனில் ஒவ்வொன்றாகப் படிக்க, முதலாளி திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தார். 41ஆவது எழுத்தில் நிறுத்தி, "மறுபடி முதல்லேர்ந்து படிப்பா" என்றார்.