பேசாமல் எழுந்து போகிற ஆண்கள்

கல்யாணமான ஆண்கள் நாலு பேர் மனம்விட்டுப் பேச உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "வாயைத் திறந்தா சண்டை பெரிசாகும், அதான் நான் பேசுறதே இல்ல." சொல்கிறவர் குரலில் கொஞ்சம் களைப்பு இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். பேசாமல் இருப்பவன்தான் பொறுமைசாலி என்பது எங்களுக்குள் யாரும் கேள்வி கேட்காத தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆண்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சண்டையின் நடுவே ஒரு கட்டத்தில் காது சூடாகும், தாடை இறுகும். எதிரில் இருப்பவள் சொல்வது காதில் விழும், ஆனால் புத்தியில் ஏறாது. அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் கொட்டிவிடுவோமோ என்ற பயம் உண்மையான பயம்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, அவர்களுக்குள் இருக்கும் பிரச்சினையைப் பேசச் சொல்லி, நாடித்துடிப்பையும் வியர்வையையும் அளந்து பார்த்தார். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் கேட்பதும் யோசிப்பதும் நன்றாகவே குறைந்துவிடும் என்கிறார் அவர். பேச்சிலிருந்து முற்றாக விலகிச் சுவராகிவிடுகிறவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் ஆண்கள் என்பதும் அவர் கணக்கு.

அவர் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். வாக்குவாதம் சூடுபிடித்த நேரத்தில், கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிப் பேச்சை நிறுத்தினார்கள். அரைமணி நேரம் பிரச்சினையைப் பற்றிப் பேசக் கூடாது, பத்திரிகை புரட்டிக்கொண்டிருங்கள் என்றார்கள். மறுபடி தொடங்கியபோது துடிப்பு இறங்கியிருந்தது, அதே ஜோடிகள் தன்மையாகப் பேசினார்கள். உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும். அந்த நேரத்தில் 'எனக்கு எப்படி இப்படிச் சொல்லலாம்' என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தால் இருபது நிமிடம் ஆனாலும் அடங்காது.

இதுவரை படித்த ஆண்களுக்கு நிம்மதியாக இருக்கும். 'பார்த்தியா, உடம்புதான் காரணம்.' இங்கேதான் நான் பிரிகிறேன்.

நெருங்கிய நண்பன் ஒருவன் வீட்டில் இருந்தேன். அவன் மனைவி சாதாரணக் குரலில் கேட்டாள்: "உங்க தம்பி கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கீங்க, எனக்கு ஏன் சொல்லல?" அவன், "இப்ப அதுக்கென்ன" என்றான். மறுபடி கேட்டாள். அவன் போனை எடுத்து, எதையும் படிக்காமல் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தான். மூன்றாவது முறை அவள் குரல் உயர்ந்தது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். கூடவே இறங்கிய என்னிடம், "பாத்தல்ல, கத்துறது அவ. நான் ஒரு வார்த்தை பேசல" என்றான். அவன் நினைவில் அந்த மூன்றாவது குரல் மட்டும்தான் இருந்தது. முதல் கேள்வி நிதானமாகத்தான் வந்தது என்று சொன்னேன். கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னான்: "சொன்னா வேணாம்னுதான்டா சொல்லுவா."

அவ்வளவுதான் விஷயம். பேச்சு நடக்காதவரை கையெழுத்து அப்படியே நிற்கும். பேசினால்தான் அவன் எதையாவது மாற்ற வேண்டிவரும். இதே நண்பன், அவள் வேலையை விட நினைத்தபோது நள்ளிரவு தாண்டியும் விடாமல் பேசியவன். அன்றைக்கு அவனுக்குக் காதும் சூடாகவில்லை, சாவியும் தேவைப்படவில்லை.

ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், கிறிஸ்டோபர் ஹெவி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-இல் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். பிள்ளை வளர்ப்பில் மனைவி ஒரு மாற்றம் கேட்கும் பேச்சு ஒன்று, கணவன் ஒரு மாற்றம் கேட்கும் பேச்சு ஒன்று என்று இரண்டு வைத்தார்கள். மொத்தத்தில் ஆண்கள்தான் அதிகம் ஒதுங்கினார்கள். அது உண்மை. ஆனால் மாற்றம் கேட்பவர் யாரோ அவர் விடாமல் துரத்துவதும், மாற வேண்டியவர் நழுவுவதும் இரண்டு பேரிடமும் இருந்தது. வீட்டு ஏற்பாடு யாருக்கு வசதியோ அவருக்குப் பேச அவசரமில்லை. பெரும்பாலான வீடுகளில் அந்த வசதி யார் பக்கம் இருக்கிறது என்று ஆண்கள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 'அவள் ஏன் எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறாள்' என்பதற்கு அங்கே பதில் இருக்கிறது.

வாயைத் திறந்தாலே வார்த்தையால் அடிபடுகிற ஆண்களும் இருக்கிறார்கள். எது சொன்னாலும் ஏளனம்தான் பதில் என்றால் ஒதுங்குவது தற்காப்பு. அவர்களுக்கு நான் சொல்வது போதாது, மூன்றாவது ஆளின் உதவி வேண்டும்.

நான் வளர்ந்த வீட்டில் அப்பா பேசாமல் இருக்கும் நாட்களில் அம்மா என்னிடம், "கரண்ட் பில்லுக்கு நாளைக்குக் கடைசி நாள்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள். அப்பா அடுத்த அறையில்தான் இருப்பார், அவருக்குக் கேட்கும். நான் போய்ச் சொல்வேன். "தெரியும்னு சொல்லு" என்பார். போகும்போதும் வரும்போதும் வார்த்தைகளில் கொஞ்சம் காரத்தைக் குறைத்துக் கொண்டுபோகப் பழகினேன். அந்த வேலையை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது.

அதனால் என் வீட்டில் நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வழி இது. எழுந்து போகலாம், தடை இல்லை. ஆனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: "இப்ப என்னால ஒழுங்கா கேக்க முடியல. அரைமணி நேரம் கழிச்சு நானே வர்றேன்." போனை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. எழுந்து போனவர்தான் பேச்சைத் திரும்பத் தொடங்க வேண்டும், மற்றவர் தேடி வரக் கூடாது. ஆண்கள் கோட்டைவிடுவது இந்தக் கடைசி இடத்தில்தான். சூடு தணிந்துவிடும், அவளும் ஏதோ வேறு விஷயம் கேட்பாள், சகஜமாகிவிட்டது என்று நாமே முடிவுகட்டி விஷயத்தைக் கிடப்பில் போட்டுவிடுவோம். அவளுக்கு அது முடியவே இல்லை. ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ பேசும்போது அது வெளியே வந்தால், 'பழசை எல்லாம் கிளறுகிறாள்' என்று அலுத்துக்கொள்வோம்.

திரும்பி வந்து என்ன பேசுவது என்று சிலர் கேட்கிறார்கள். விளக்கத்தில் தொடங்க வேண்டாம். அவள் கேட்ட கேள்வியை உங்கள் வாயாலேயே ஒருமுறை முழுசாகச் சொல்லுங்கள்: "கையெழுத்து போட்டதை ஏன் உன்கிட்ட சொல்லலன்னு கேட்ட." சரியாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று அவளே சொல்வாள். அதற்குப் பிறகு பதில். 'நீ வேணாம்னு சொல்லிடுவன்னுதான் சொல்லல' என்பதுதான் பதில் என்றால், அதையே சொல்லுங்கள்.