பெரியம்மா வீட்டுக் காபியும் முடவன் முழுக்கும்

கடைமுகத்துக்கு மாயவரம் போக வேண்டும் என்பது என் ஆசை. போகிற வழியில் சீர்காழியில் பெரியம்மாவை ஒரு எட்டு பார்த்துவிட வேண்டும் என்பது இவர் ஆசை. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டதுதான் தப்பு.

ஐப்பசி முழுக்க மாயவரத்தில், அதாவது மயிலாடுதுறையில், துலாக்கட்டம் என்ற படித்துறையில் காவிரிக் குளியல் விசேஷம். எல்லோர் பாவத்தையும் வாங்கிச் சுமக்கும் கங்கையே அந்த மாதம் இங்கே வந்து முழுகிப் போகிறாள் என்பது ஐதீகம். மாதத்தின் கடைசி நாள்தான் கடைமுகம். சுவாமிகள் காவிரிக்கு எழுந்தருள, நடுப்பகலில் தீர்த்தவாரி நடக்கும். அந்தக் கூட்டத்தில் நின்று ஒரு முழுக்குப் போட வேண்டும் என்று நான் நினைத்துப் பல வருஷம் ஆகிறது.

விடிவதற்கு முன்பே சென்னையில் வண்டியை எடுத்தோம். கடலூரில் மழை பிடித்துக்கொண்டது. சிதம்பரத்தைப் புறவழிச்சாலையில் தாண்டும்போது, "திரும்பி வரும்போது வந்துவிடுகிறேன், அப்பா" என்று வண்டிக்குள்ளிருந்தே நடராஜருக்கு ஒரு கும்பிடு. கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது மணி பத்து.

"பத்து நிமிஷம்தான். காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்" என்றார் இவர். சொந்தக்காரர் வீட்டிலிருந்து இவர் பத்து நிமிஷத்தில் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

பெரியம்மா ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். காபி வந்தது. அப்புறம் இட்லி வந்தது. அதற்குள் உள்ளே உலையும் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் இவரைப் பார்ப்பதுமாக இருந்தேன். பதினொன்றரைக்கு, இனி சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்து கூடத்துக்கு வந்தால், பெரியம்மா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். இவர் தரையில் சம்மணம் போட்டு, வீங்கிய முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேரும் பேசவில்லை. தைல வாசனை மட்டும். அம்மா இல்லாத வயதில் இவரைப் பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி அனுப்பியவர் பெரியம்மா. நான் எப்படி வாயைத் திறப்பது? சமையலறைக்குப் போய் அப்பளம் பொரித்தேன்.

சாப்பிட்டு எழும்போது மணி ஒன்று. தீர்த்தவாரி முடிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்தே பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"கடைமுகம் போச்சேன்னு பார்க்கறியா? நாளைக்கு முடவன் முழுக்கு இருக்கேம்மா. ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

கதையையும் அவரே சொன்னார். கால் ஊனமான ஒருவர் துலா ஸ்நானத்துக்கென்று எங்கிருந்தோ தவழ்ந்து தவழ்ந்து வந்தாராம். வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டது. அவர் மாயூரநாதரிடம் அழ, கார்த்திகை முதல் நாள் முழுகினாலும் அதே பலன் என்று சுவாமி ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்துவிட்டார். "நானும் இப்போ முடவிதான். எனக்கும் சேர்த்து முழுகிட்டு வாங்க" என்று சிரித்தார். பெரியப்பா இருந்தவரை வருஷம் தவறாமல் முதல் பேருந்தில் போய்வந்தவர்.

சாயங்காலம் சட்டைநாதர் கோயிலுக்குப் போனோம். கீழே பிரம்மபுரீசுவரர், படியேறினால் தோணியப்பர், அதற்கும் மேலே சட்டைநாதர் என்று மூன்று நிலையில் தரிசனம். குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். முழுகப் போன அப்பாவைக் காணோம் என்று மூன்று வயது சம்பந்தர் அழுதது இங்கேதான். அம்பாள் வந்து பால் கொடுத்ததும் இங்கேதான். மத்தியானம் நான் உம்மென்று இருந்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் நாலு மணிக்குக் கிளம்பும்போது பெரியம்மா ஒரு பித்தளைச் செம்பைக் கையில் கொடுத்தார். கழுத்தில் பழைய துணி சுற்றியிருந்தது. வைத்தீசுவரன் கோயில் இருட்டில் கடந்து போனது. துலாக்கட்டத்தில் எதிர்பார்த்த கூட்டம் இல்லை. எங்களைப் போல ஒரு நாள் பிந்தியவர்கள்தான் போல. வயதானவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். ஆற்றின் நடுவே நந்தி மண்டபம் நிழலாகத் தெரிந்தது. பாசி வழுக்க, இவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் கலங்கல்தான். ஆனால் முதல் முழுக்கில் காது அடைத்து, சத்தமெல்லாம் நின்று, நெஞ்சுக்குள் ஒரு குளிர் இறங்கியதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை. இவர் மூன்று முழுக்குப் போட்டார். கொஞ்சம் நின்று, கிழக்கே கும்பிட்டு, மறுபடி மூன்று.

பிறகு மாயூரநாதர் கோயில். மயிலாக வந்து பூஜித்த அபயாம்பிகை சன்னிதிப் பக்கம் ஒரு லிங்கத்துக்குச் சேலை கட்டியிருந்தது. லிங்கத்துக்குச் சேலையா என்று நின்றுவிட்டேன். நாதசர்மா, அனவித்யாம்பிகை என்ற தம்பதியும் இப்படித்தான் ஐப்பசிக் கடைசியில் தாமதமாக வந்து சேர்ந்து, மறுநாள் விடியுமுன் முழுகிப் பேறு பெற்றார்களாம். அந்த அம்மா ஐக்கியமான லிங்கம் இது. இவரை முழங்கையால் இடித்து, "இவங்க எந்தப் பெரியம்மா வீட்டுல காபி குடிச்சாங்களோ?" என்றேன்.

சீர்காழிக்குத் திரும்பியதும் பெரியம்மா செம்பை வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றித் தலையில் தெளித்துக்கொண்டார். மிச்சத்தை முழங்காலில் தடவினார்.

"எத்தனை முழுகினான்?"

"ஆறு, பெரியம்மா."

தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து, சுவரைப் பிடித்தபடி போய் அடுப்பில் பால் வைத்தார். அன்றைக்கும் சிதம்பரம் நடை சாத்துவதற்குள் எங்களால் போய்ச் சேர முடியவில்லை.