மார்க்டவுன் குறிப்புகளை ஏஐ உதவியாளரோடு இணைத்தது: தமிழ்த் தேடல் ஒருவழியாகப் படிந்தது

என் குறிப்புகளில் 'வீடு' என்று கேட்டால் இப்போது 'வீட்டில்', 'வீட்டுக்கு', 'வீடுகள்' எல்லாமே வருகின்றன, 'வீடியோ' வருவதில்லை. இணைப்பு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. நேரத்தை எல்லாம் விழுங்கியது இந்தத் தேடல்தான்.

அப்சிடியன் (மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளில் குறிப்பெழுதும் செயலி) கோப்புறை, க்ளாட் டெஸ்க்டாப் என்ற ஏஐ உதவியாளர் செயலி, நடுவில் பைத்தானில் எழுதிய சின்ன எம்சிபி சர்வர், அவ்வளவுதான் அமைப்பு. எம்சிபி என்பது ஏஐ செயலிகளை வெளிக் கருவிகளோடு இணைக்க, க்ளாடை உருவாக்கிய ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை. அதனால் இதே சர்வரை எம்சிபி தெரிந்த வேறு செயலிகளிலும் மாட்டலாம். பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபைல்சிஸ்டம் சர்வர் இதற்குப் போதாது. அதன் தேடல் கோப்பின் பெயரைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைப் பார்க்காது. போதாததற்கு எழுதவும் நகர்த்தவும் சேர்த்தே அனுமதி கொடுத்துவிடுகிறது. ஆகவே தேடு, படி, சேர் என்று மூன்றே கருவிகள் கொண்ட சொந்த சர்வர்.

வழக்கமான முட்டுக்கட்டைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வர் செயலிக்கு அனுப்பும் செய்திகள் ஜேசான் என்ற உரை வடிவத்தில், ஸ்டாண்டர்ட் அவுட்புட் என்ற வெளியீட்டு வழியில்தான் போகின்றன. நிரலில் ஒரே ஒரு பிரிண்ட் மிச்சமிருந்தாலும் இணைப்பு கெடும். லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வழிக்குப் போக வேண்டும். க்ளாட் டெஸ்க்டாப்பின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் சர்வரின் முழுப் பாதை கொடுங்கள், விண்டோஸ் என்றால் பின்சாய்கோட்டை இரட்டிப்பாக்குங்கள், மாற்றியபின் செயலியை முழுதாக மூடித் திறங்கள். கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்றத்தை வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் விண்டோஸில் தமிழ்க் கோப்பு பிழை காட்டும், அல்லது எழுத்து சிதைந்து வரும். முடிவுகளை நீங்களே ஜேசானாக மாற்றி அனுப்பினால் என்ஷ்யூர் ஆஸ்கி (ஆங்கிலமல்லாத எழுத்தையெல்லாம் ஆங்கிலக் குறிகளாக மாற்றும் அமைப்பு) என்பதை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் ஆறு ஆங்கில எழுத்தாக விரியும். 'மரம்' என்ற நாலு குறியீட்டுச் சொல் (ம, ர, ம, புள்ளி) 24 எழுத்தாகி, டோக்கன் (ஏஐ உரையை அளக்கும் துண்டு) தண்ணீராய்ச் செலவாகும்.

இனி தேடல். முதல் சிக்கல் 'கொ' போன்ற எழுத்துகளில். ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்தும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் பொருந்தாது. கேள்வி, கோப்பு இரண்டையும் என்எஃப்சி-க்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றியபின் ஒப்பிட்டால் இது தீரும். ஆனால் 'கௌரி'யில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் என்எஃப்சி தொடாது. தானாக மாற்றவும் கூடாது, 'கெளுத்தி' கெட்டுப்போகும்.

இரண்டாவது, பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது வடிவத்தை வைத்துச் சொல் தேடும் முறை. அதற்குப் புள்ளியும் உயிர்க்குறிகளும் சொல்லின் பகுதியே அல்ல. 'மரம்' புள்ளி இழந்து 'மரம' ஆகிறது. 'காடு' நடுவில் உடைகிறது. அதில் சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் எல்லைக் குறியை நம்பவே வேண்டாம். முந்தைய குறியீடு யூனிகோடின் தமிழ்த் தொகுதியில் இல்லை என்றால் அது சொல்லின் தொடக்கம். இந்த ஒரு சோதனை போதும். எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தின் எஃப்டிஎஸ்5 என்ற உரைத் தேடலிலும் இதே நோய்தான். அதில் மூன்று மூன்று குறியீடாகப் பிரிக்கும் டிரைகிராம் வகையை எடுத்தால் சொல் உடையாது, ஆனால் மூன்று குறியீட்டுக்குக் குறைந்த 'கை', 'பூ', 'தீ' அதன் மேட்ச் என்ற தேடல் கட்டளையில் கிடைக்காது. சில ஆயிரம் குறிப்புகள் வரை முன்கூட்டியே தயாரித்த தேடல் அட்டவணையே (இண்டெக்ஸ்) தேவையில்லை என்பது என் முடிவு. எல்லாக் கோப்பையும் நேரடியாக வாசித்துத் தேடுவதே நிம்மதி.

மூன்றாவதுதான் பிடிவாதமானது: வேற்றுமை உருபு. கடைசிக் குறியை வெட்டி 'வீட' என்று தேடினால் 'வீடு', 'வீட்டில்' இரண்டும் சிக்கும், குறியீட்டு வரிசையில் இரண்டுமே அப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் 'வீடியோ'வும் கூடவே ஒட்டிக்கொள்ளும். 'மர' என்றால் மரபு, மரணம், மரியாதை எல்லாம் கொட்டும். சர்வருக்குள் இலக்கணம் எழுதப் போனால் முடிவே இல்லை. எதிர்முனையில் தமிழ் தெரிந்த ஏஐ மாடல் உட்கார்ந்திருக்கும்போது அந்த வேலையை அதனிடமே கொடுப்பதுதான் சரி. தேடு கருவி ஒரு சொல்லுக்குப் பதில் அடிச்சொற்களின் பட்டியலை வாங்குகிறது. கருவியின் விளக்க உரையில் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன: வீடு என்றால் 'வீடு', 'வீட்ட'; மரம் என்றால் 'மரம', 'மரத்த', 'மரங்க'; ஆறு என்றால் 'ஆறு', 'ஆற்ற'; வருதல் என்றால் 'வந்த', 'வருகிற', 'வருவ'. ஔகாரம் வந்தால் இரண்டு எழுத்து முறையையும் அனுப்பு என்றும் ஒரு வரி. இந்த விளக்கத்தை மாடல் ஒவ்வொரு உரையாடலிலும் படிக்கிறது. நிரலைவிட இந்தப் பத்து வரியைச் செதுக்கியதில்தான் பலன் அதிகம். எடுத்துக்காட்டு இல்லாமல் 'அடிச்சொல் கொடு' என்று மட்டும் எழுதினால் அகராதிச் சொல்லையே அனுப்பும்.

முதலில் சொல் தொடக்கத்தில் தேடல். ஒன்றும் கிடைக்காவிட்டால் சொல்லின் நடுவிலும். 'மாமரம்' போன்ற கூட்டுச்சொற்கள் அப்போதுதான் அகப்படும். முடிவுகள் பத்துக்கு மேல் போவதில்லை, ஒவ்வொன்றிலும் பொருந்திய வரியும் மேலே கீழே இரண்டிரண்டு வரியும். வரி நீளமானால் இடைவெளியில்தான் வெட்ட வேண்டும். எழுத்து எண்ணிக்கையில் வெட்டினால் புள்ளி ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

அப்சிடியனுக்குப் பதில் ஜாப்லின் என்ற குறிப்புச் செயலி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது குறிப்புகளை எஸ்க்யூலைட்டில் வைப்பதால் கோப்புறையைக் காட்டிப் பயனில்லை. அதிலேயே உள்ள வெப் கிளிப்பர் சேவையை இயக்கி, 41184 போர்ட்டில் அனுமதிச் சாவியோடு (இதற்கும் டோக்கன் என்றுதான் பெயர்) கேட்க வேண்டும். மேலே சொன்ன அடிச்சொல் உத்தி அங்கும் செல்லும்.

'சேர்' கருவி இன்னும் பாதியில் நிற்கிறது. புதுக் குறிப்புகளுக்கென வைத்த ஒரே ஒரு கோப்பின் கடைசியில் மட்டும் எழுதும். திருத்தவோ அழிக்கவோ வழி கிடையாது. மாடல் கொடுக்கும் பாதையை முழுதாக விரித்து, அது கோப்புறைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும், படிப்பதற்கும் அப்படியே. ஒவ்வொரு எழுதலுக்கும் முன் ஒரு கிட் கமிட், அதாவது பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய பக்கங்கள் தனிக் கோப்புறைக்குப் போயாயிற்று, சர்வருக்கு அது தெரியாது. அந்தப் பக்கங்களில் யாரோ எழுதிவைத்த கட்டளையை மாடல் நம் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். எழுதும் அனுமதி இருக்கும்போது அது ஆபத்து.

போனிலிருந்து கேட்க எச்டிடிபி வழிக்கு மாற வேண்டும், உள்நுழைவுப் பாதுகாப்பும் வேண்டும். ஸ்கேன் செய்த அச்சுப் பக்கங்களை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்டின் தமிழ்த் தரவோடு எழுத்தாக்கிச் சேர்ப்பதும் பட்டியலில் உண்டு. கமிட் சரியாக விழும் வரை இரண்டிலும் கை வைப்பதாக இல்லை.