அன்பே சிவம் புடிக்கலன்னா மனசே இல்லையாமே

போன தீபாவளிக்கு மாமனார் வீட்டுல நடந்த கதை இது. மத்தியானம் கறிச்சோறு சாப்ட்டு எல்லாரும் ஹால்ல பாய விரிச்சு ஆளுக்கொரு பக்கமா சரிஞ்சு கெடக்கோம், டிவில கமலும் மாதவனும் நடிச்ச அன்பே சிவம் ஓடுது. மச்சினன் சவுண்ட கூட்டி வச்சுட்டு, "இந்தப் படத்தப் போயி ஓட விடாம பண்ணிட்டாய்ங்க பாருங்க மாமா, நம்ம ஜனங்களுக்கு ரசனையே கெடையாது"ன்னான். படம் வந்தப்போ அவன் ஒண்ணாங்கிளாஸ் படிச்சிட்டு இருந்தான். நான் அரைத்தூக்கத்துல வாய வச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "எனக்கு இந்தப் படம் ஒட்டவே இல்ல மாப்ள"ன்னுட்டேன்.

படுத்திருந்தவன் எந்திரிச்சு உக்காந்துட்டான். "என்ன மாமா, மனசே இல்லையா உங்களுக்கு?" அடுப்படில இருந்து என் பொண்டாட்டி, "இப்பத்தான் தெரியுதா உனக்கு?"ன்னு குரல் குடுக்குறா.

எனக்கு இதுதான் பிரச்சனையே. வேற எந்தப் படத்த புடிக்கலன்னு சொன்னாலும் மிஞ்சிப்போனா டேஸ்ட் இல்லாதவன்னு சொல்லிட்டு விட்ருவாங்க, பரவால்ல, அந்தப் பேரு எனக்கு ஏற்கனவே இருக்கு. ஆனா இந்தப் படத்தோட தலைப்பே அன்புதான் கடவுள்னு சொல்லுது, அப்ப படம் புடிக்கலன்னா எனக்கு அன்பு புடிக்கலன்னு ஆயிடுது, மனுஷத்தன்மை இல்லன்னு ஆயிடுது. ஒரு படத்துக்கு நோ சொன்னதுக்கு இவ்வளவு பெரிய கேஸா?

இத்தனைக்கும் நான் அத தியேட்டர்லயே பாத்தவன். இப்ப கேட்டா எல்லாருமே முதல் நாள் முதல் ஷோ பாத்த மாதிரிதான் பேசுறாங்க, அவ்வளவு பேரு அன்னைக்கு வந்திருந்தா படம் ஏன் ஊத்திக்கிச்சுன்னு யாரும் யோசிக்கறதில்ல. 2003 பொங்கல். அதே பொங்கலுக்கு விக்ரம் நடிச்ச தூளும் வந்துச்சு. நானும் பெரியப்பா பையனும் உண்மைய சொன்னா தூளுக்குத்தான் போனோம், டிக்கெட் இல்ல, கவுன்டர்கிட்ட ஒரே தள்ளுமுள்ளு, சட்டப் பட்டன் பிஞ்சதுதான் மிச்சம். சரி வந்தது வந்தாச்சு, வெறுங்கையோட வீட்டுக்குப் போக மனசில்லாம நாலு தெரு தள்ளி இருந்த தியேட்டர்ல கமல் படத்துக்குள்ள நுழைஞ்சோம். உள்ள மொத்தமே முப்பது நாப்பது பேரு இருந்தா அதிகம், ஃபேன் ஓடுற சத்தம் வசனத்துக்கு நடுவுல தனியா கேக்குது.

ஆரம்பம் நல்லாத்தான் இருந்துச்சு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். புவனேஸ்வர்ல மழை வெள்ளத்துல ரெண்டு பேரும் மாட்டிக்கிறாங்க, மாதவன் வெளம்பரப் படம் எடுக்குற ஆளு, ஒவ்வொரு இடத்துலயும் கமல கழட்டி விடப் பாக்குறாரு, நடக்கல. அந்த எரிச்சலான மூஞ்சிய மாதவன் மாதிரி யாரும் வைக்க முடியாது. யூகி சேது வந்து பைய ஆட்டையப் போட்டுட்டுப் போற எடம்லாம் தியேட்டரே சிரிச்சுச்சு, இருந்த முப்பது பேரும்தான். அப்புறம் காதல் பிளாஷ்பேக் ஆரம்பிச்சுது, முன் வரிசை ஆளுங்க ஒவ்வொருத்தரா பீடி பத்த வைக்க வெளிய போக ஆரம்பிச்சாங்க. பக்கத்துல பெரியப்பா பையன் நல்லா தூங்கிட்டான். லைட் போட்டதும் தட்டி எழுப்பி படம் முடிஞ்சிருச்சுடான்னேன், கண்ண கசக்கிக்கிட்டே "யாருடா ஜெயிச்சா?"ன்னு கேட்டான்.

சும்மா தூக்கக் கலக்கத்துல கேட்டதுதான், ஆனா இருபது வருஷமா இந்தப் படத்த பத்தி நான் படிச்ச எல்லா விமர்சனத்தையும் விட அந்தக் கேள்விதான் எனக்கு சரியா படுது. ஏன்னா அந்தப் படத்துல கமல் மட்டுந்தான் ஜெயிப்பாரு. கடவுள பத்திப் பேசுனாலும் அவருதான், அமெரிக்காவ பத்திப் பேசுனாலும் அவருதான், காதல், சாவு, கூலி, எத எடுத்தாலும் கடைசி வார்த்தை அவரு நடிச்ச கம்யூனிஸ்ட் நல்லசிவம் வாயில இருந்துதான் வரும். மாதவனுக்குக் குடுத்திருக்குற வாதமெல்லாம் கமல் அடிச்சு விளையாடறதுக்குன்னே தூக்கிப் போட்ட புல்டாஸ் பந்து. ஒரு எடத்துலயாவது மாதவன் நடிச்ச அந்த அன்பரசு, கமலுக்கே பதில் வராத மாதிரி ஒண்ணு கேட்டிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். திரைக்கதை கமல், வசனம் மதன், ரெண்டுமே லேசுப்பட்ட மூளை கெடையாது, அவங்களுக்கு அப்படி ஒரு கேள்வி தோணாமயா இருந்திருக்கும்?

நான் சிவப்புக்கொடிக்கு எதிரி கெடையாது. எங்க தாத்தா மில்லு தொழிலாளி, சங்கத்துல இருந்தவரு, ஸ்ட்ரைக்குன்னா மொத ஆளா நிப்பாரு. ஆனா அந்த மனுஷன் வீட்டுல வாதம்னு வந்தா பாதிக்கு மேல தோத்துருவாரு, "ஊருக்கெல்லாம் கூலி கேக்குறீக, இந்த மாசம் எனக்கு அரிசிக்கு எங்க?"ன்னு ஆச்சி கேட்டா துண்ட தோள்ல போட்டுக்கிட்டு டீக்கடைக்குக் கெளம்பிருவாரு. அந்த டீக்கடைக்குக் கெளம்புற மனுஷன நான் நல்லசிவத்துக்கிட்ட ஒரு சீன்லயாவது பாக்கணும்னு ஆசப்பட்டேன், கெடைக்கல.

சரி, அந்த ஆம்புலன்ஸ் சீனுக்கு வருவோம், இத சொல்லாம விட்டா மச்சினன் என்ன விட மாட்டான். ரயில் விபத்து. அடிபட்ட ஒரு சின்னப் பையனுக்கு ரத்தம் வேணும், லேசுல கெடைக்காத குரூப்பு, மாதவனோட ரத்தம் அதே குரூப்பு. முதல்ல தயங்குறவரு அப்புறம் குடுக்குறாரு. ஆனாலும் அந்தப் பையன் செத்துப்போறான். யாரு பெத்த புள்ளையோ, இத்தனை நேரம் எல்லாத்தையும் அலட்சியமா பாத்துட்டு இருந்த மாதவன் ஒடஞ்சுபோயி அழறாரு. எனக்கும் தொண்டை அடைச்சிருச்சு, கல்லு ஒண்ணும் இல்ல நானு. அந்த அழுகையே போதும், அந்த ஆளு முழுசா மாறிட்டான், முன்னால உக்காந்திருக்குற எனக்கு அது புரியுது, தூங்கிட்டு இருக்குற பெரியப்பா பையன தவிர அந்த முப்பது பேருக்கும் புரியுது. அப்ப கமல் வாயத் தொறந்து, முன்னபின்ன தெரியாத புள்ளைக்காக அழுவுற இந்த மனசுதான் கடவுள்னு நமக்கு விளக்கம் சொல்றாரு. எனக்கு அந்த நிமிஷமே வந்த கண்ணீரு உள்ள போயிருச்சு. பரீட்சைல நாமளா கஷ்டப்பட்டு விடைய கண்டுபுடிச்சு எழுதிட்டு இருக்கும்போது வாத்தியாரு வந்து போர்டுல பெருசா எழுதிப் போட்டா எப்படி இருக்கும், அந்த மாதிரி ஆயிருச்சு.

கூத்து என்னன்னா, அந்த வசனத்துக்காகத்தான் ஊரே இந்தப் படத்த கொண்டாடுது. வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல இருந்து ஆட்டோ பின்னாடி வரைக்கும் அதுதான். அதனால நான் ஏதோ மத்தவங்க கண்ணுக்குப் படாத ஓட்டைய கண்டுபுடிச்சிட்டேன்னு சொல்ல வரல, அவங்களுக்கு எது புடிச்சிருக்கோ கரெக்டா அதுதான் எனக்குப் புடிக்கல, இத பேசித் தீக்கவும் முடியாது.

கமல் புடிக்காதுன்னும் நெனச்சிராதீங்க. மகாநதி, 1994, அதுவும் பொங்கலுக்கு வந்ததுதான். மீட்டுட்டு வந்த பொண்ணு தூக்கத்துல பேசும், அப்பன் அதக் கேட்டுட்டு நொறுங்கிப் போவான். அந்த சீன நான் ரெண்டு தடவைக்கு மேல பாத்ததில்ல, பாக்க முடியாது. அங்க யாரும் பக்கத்துல நின்னு இந்த வலிக்குப் பேரு இதுதான்னு பாடம் எடுக்கல. அத டைரக்ட் பண்ண சந்தானபாரதிதான் அன்பே சிவத்துல முதலாளி நாசரோட ஆளா வருவாரு, கடைசில கமல கொல்ல வந்துட்டு மனசு மாறிப் போவாரு. ஆமா, அவரும் மனசு மாறிருவாரு. அந்தப் படத்துல கமல்கிட்ட பத்து நிமிஷம் பேசுனா யாரா இருந்தாலும் திருந்திருவாங்க, நாசர தவிர.

அப்புறம் அந்த கிரண், படத்துல கமல் காதலிக்கிற பொண்ணு. அப்பங்காரன் நாசர் ஒருபக்கம் பொய் சொல்லிப் பிரிக்கிறாரு, கடைசில கமலும், மாதவனோட அவ கல்யாணம் நடக்கட்டும், நீ தொழிலாளிங்க கூலி உயர்வுல கையெழுத்துப் போடுன்னு முடிச்சுக்கிறாரு. தியாகம், சரி. ஆனா அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு படத்துக்குப் பெருசா கவலையே இல்ல. கூலி பேச்சுவார்த்தைல அவளும் ஒரு அயிட்டம், அவ்வளவுதான். இத மச்சினன்கிட்ட சொன்னா, "மாமா நீங்க ரொம்ப நோண்டுறீங்க"ங்குறான். அவன்தான் படத்துல சுனாமிங்குற வார்த்தை வருது, 2004 டிசம்பருக்கு முன்னாடியே கமல் கணிச்சிட்டாருன்னு வருஷா வருஷம் ஃபார்வர்டு அனுப்புறவன். அகராதில இருக்குற ஒரு வார்த்தைய சொன்னதுக்குப் பேரு கணிப்பாம், நான் நோண்டுறனாம்.

எனக்கு உள்ளபடியே தாங்க முடியாதது ஒண்ணு இருக்கு. அதே 2003, அதே டைரக்டர் சுந்தர் சி, அதே கிரண், வின்னர்னு ஒரு படம் வந்துச்சு. வடிவேலு நடிச்ச கைப்புள்ள. வாழ்க்கையில ஒரு சண்டையில கூட ஜெயிக்காத ஒருத்தன், அடி வாங்கி கால விந்திக்கிட்டே ஊருக்குள்ள கெத்தா நடப்பான். அந்தப் படத்த நான் எத்தன தடவ பாத்திருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. எந்த "சாகறதுக்குள்ள பாக்க வேண்டிய படங்கள்" லிஸ்டுலயாவது அது இருக்கா? மச்சினன்கிட்ட இத சொன்னேன். பதில் சொல்லாம ரிமோட்ட தூக்கி என் மடியில போட்டுட்டான்.

நான் சேனல மாத்தல. அந்த மூணு மணி வெயில்ல எங்க போறது, எல்லாரோடயும் சேந்து பாத்துட்டுதான் இருந்தேன். ரயில் விபத்து வந்ததும் தண்ணி குடிக்கிற மாதிரி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன், சொம்ப எடுத்து நின்னு நெதானமா ரெண்டு தடவ குடிச்சேன். ஹால்ல இருந்து மச்சினன் கத்துறான், "மாமா, வாங்க வாங்க, அந்த டயலாக் வருது!"