முன்னாள் படைவீரர்களுக்குப் பந்தி வைக்கும்போது

முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு விருந்து வைப்பதென்றால் முதல் வேலை நாள் குறிப்பது. டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள், 1949 முதல் நடப்பது. பொருத்தமான நாள்தான், ஆனால் கடலூரில் அது அடைமழைக் காலம். 2015லும் 2024லும் டிசம்பர் தொடக்கத்தில் மாவட்டத்தின் பல ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தன. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள். நமக்கோ அது போகி, பொங்கல். மண்டபம் சும்மா கிடைக்கும், ஆள் வராது. தை பிறந்த பிறகு ஜனவரி கடைசி ஞாயிறு வைத்துக்கொள்வதே புத்தி. முகூர்த்த நாளாக இருந்தால் மண்டப வாடகை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

வடலூர் தருமச்சாலை அடுப்பு 1867 முதல் அணையாமல் எரியும் மாவட்டம் இது. ஆயிரம் பேருக்குப் பொங்கிப் போடும் கை இங்கே சுலபமாகக் கிடைக்கும். இந்த விருந்து கெடுவதெல்லாம் பந்தியில்தான்: யார் முதலில் உட்கார்ந்தார், யார் காத்துக் கிடந்தார், யாரை வாசலில் எப்படி அழைத்தார்கள் என்பதில்.

வாசலிலிருந்தே தொடங்குவோம். கல்யாண வீட்டுப் பழக்கத்தில் சந்தனம், குங்குமம், பூ வைத்த தட்டோடு இரண்டு பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். வருகிறவர்களில் கணிசமானோர் கணவனை இழந்தவர்கள். குங்குமச் சிமிழை நீட்டப்போன கை அந்தம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் பாதியில் நிற்கும், அல்லது சந்தனக் கிண்ணத்துக்குத் தாவும். அந்த அரை நொடி போதும். பிறகு எத்தனை வடை வைத்தாலும் ஈடாகாது. தட்டே வேண்டாம். கற்கண்டும் பன்னீரும் போதும், கூடவே எல்லோர் சட்டையிலும் சேலையிலும் ஒரு கொடி நாள் சின்னக் கொடி. குத்துவிளக்கு ஏற்றுவதை வீரமரணம் அடைந்தவர்களின் மனைவிமாரிடம் கொடுங்கள். முன்கூட்டியே சொல்லிவிடுவது முக்கியம்; மேடையில் திடீரென்று பெயரைக் கூப்பிட்டால் கூச்சப்பட்டு எழுந்து வர மாட்டார்கள்.

நேரம் அடுத்த சங்கதி. அழைப்பிதழில் 11 மணி என்று போட்டால் 10.40க்கே பாதிப்பேர் நாற்காலியில் இருப்பார்கள். பட்டாளத்துப் பழக்கம் பென்ஷன் வாங்கினாலும் போகாது. 10.15க்கு டீ கொதித்துக்கொண்டிருக்க வேண்டும், கெட்டியாக, பட்டாளத்துச் சமையல்கூடத்து லங்கர் சாய் மாதிரி. சர்க்கரையைத் தனியே வையுங்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், அதற்காகச் சோற்றை நிறுத்தக்கூடாது. 1971 போரைக் கண்டவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். பலருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர் முன் வாழ்த்துரை நீண்டால் மயக்கம் வரும். 12.15க்கு இலை போட்டாக வேண்டும், யார் மைக்கில் இருந்தாலும்.

நேரத்தைத் தின்பது பொன்னாடைதான். ஒருவருக்கு 40 நொடி என்றால் 120 பேருக்கு 80 நிமிடம். மூத்தவர் சிலருக்கும் வீரநாரிகளுக்கும் (வீரமரணம் அடைந்தவர்களின் மனைவிமாருக்கும்) மட்டும் மேடையில் போர்த்தி, மற்றவர்களுக்குக் கிளம்பும்போது பையில் கொடுத்தால் யாரும் கோபிப்பதில்லை. கோபிப்பவர்கள் புகைப்படக்காரர்கள்தான்.

இனி அளவு. வருகிறோம் என்று போனில் சொன்னவர்களுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகள் கணக்கில் வர மாட்டார்கள், நேரில் வருவார்கள். 150 பேர் சைவச் சாப்பாட்டுக்குப் பொன்னி அரிசி 16 கிலோ. ஒரே அண்டாவில் போடாமல் எட்டு எட்டாக, 25 நிமிட இடைவெளியில் வடித்தால் இரண்டாம் பந்திக்கும் சூடாக இருக்கும், அடிச்சோறும் குழையாது. துவரம்பருப்பு நாலரை கிலோவில் 30 லிட்டர் சாம்பார் வரும். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் உப்பு. அதில் பருப்பைப் போட்டால் இரண்டு மணி நேரம் கொதித்தாலும் மசியாது. பருப்புக்கு மட்டுமாவது கேன் தண்ணீர் வாங்கிவிடுங்கள். ரசம் 20 லிட்டர், தயிர் 15. தை மாதக் குளிரில் தயிர் உறையத் தாமதமாகும். முதல் நாள் மாலையே, பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது, உறைமோரைக் கூட்டி ஊற்ற வேண்டும்.

சேமியா பாயசத்துக்குப் பால் 10 லிட்டர், சேமியா ஒன்றரை கிலோ. ஒரு மணி நேரத்தில் அது இறுகி உப்புமாவாகிவிடும் என்பதால் 3 லிட்டர் சூடான பாலைத் தனியே வைத்திருந்து இரண்டாம் பந்திக்கு முன் கலக்க வேண்டும். பண்ருட்டி முந்திரியைக் கடைசியில் வறுத்துப் போட்டால்தான் கடிபடும். இலையில் ஊற்றாமல் கிண்ணத்தில் கொடுங்கள், வேண்டாதவர் ஒதுக்கிவிடலாம். “ஐயா, உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?” என்று பந்தி நடுவே கத்துவதைப்போல அசிங்கம் வேறில்லை.

ஒரு தலைமுறையை வடக்கே கழித்தவர்கள் சப்பாத்தி, தால் என்றால் முகம் மலர்வார்கள், சர்க்கரைக்காரர்களுக்கும் தோது. 60 பேருக்கு ஆளுக்கு இரண்டு வீதம் மாவு 4 கிலோ போதும். ஹாட்பேக்கில் அப்படியே அடுக்கினால் ஆவி இறங்கி அடியிலுள்ளவை நசநசவென்று போகும். அடியிலும் மேலும் உலர்ந்த துணி போட்டு, சுட்டதைச் சற்று ஆறவிட்டு அடுக்க வேண்டும்.

பஃபே வேண்டவே வேண்டாம். கைத்தடி ஒரு கையில், தட்டு ஒரு கையில் என்றால் சாப்பிடுவது எந்தக் கையால்? ஆறடி மேசைக்கு மூன்று பேர், ஒரு பந்திக்கு 25 மேசை, வரிசைகளுக்கு நடுவே ஐந்தடி. சக்கர நாற்காலி நுழைய ஓரங்களில் நாற்காலி போடாத இடமும் வேண்டும். மண்டபங்களில் கைப்பிடி இல்லாத நாற்காலியைத்தான் தள்ளிவிடுவார்கள். முழங்கால் போனவர் ஊன்றி எழக் கைப்பிடி வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

பரிமாற என்சிசி மாணவர்கள் கிடைப்பார்கள். வணக்கம் வைப்பதில் குறையிருக்காது, கரண்டிதான் கைக்கு வராது. முதல் நாளே தண்ணீர் ஊற்றிப் பழக்கிவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பீரங்கிப் படையில் இருந்த பலருக்குக் காது மந்தம். பின்னாலிருந்து “சாம்பார், சாம்பார்” என்று போனால் அவருக்கு விழாது, அவர் இலை காலியாகவே இருக்கும். எதிரே நின்று வாளியைக் காட்ட வேண்டும்.

முதல் பந்தி கணவனை இழந்தவர்களுக்கும் 75 தாண்டியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும். இதில் பதவி பார்க்கக்கூடாது. படையில் மெஸ் தனித்தனி என்றாலும் படாகானா என்னும் பெருவிருந்து அன்று அதிகாரியும் சிப்பாயும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், அதிகாரிகளே பரிமாறுவதும் உண்டு. வந்தவர்கள் அறிந்த முறை அதுதான். கர்னலுக்குத் தனி மேசை போட்டால் கர்னலுக்கே பிடிக்காது. புதுச்சேரியில் வைத்தால் சொல்தா குடும்பங்களையும் அழையுங்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த அவர்களுக்கு ஜூலை 14, நவம்பர் 11 என்று தனி நாட்கள் உண்டு, கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னமும் உண்டு. பந்தி மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

படுக்கையில் இருப்பவர்களுக்குப் பொட்டலம் முதல் பந்திக்கு முன்பே கட்டிவிடுங்கள். மீந்ததைக் கட்டினால் அது மீந்ததாகவே தெரியும். சோறு, சாம்பார், ரசம், தயிர் தனித்தனியாக. இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச்சேர முடியாத ஊருக்குப் பால் பாயசம் வேண்டாம், வடையும் வாழைப்பழமும் போதும். பொட்டலத்தின் மேல் பெயரோடு அவர் இருந்த ரெஜிமென்டையும் எழுதுங்கள். கொண்டுபோகும் பையன் அதை வாசித்துக் காட்டிக் கொடுக்கட்டும்.